ஒட்டுக் கள்ளி: மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா?

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் வீதியில் கெலிஓயாவை அண்மித்ததும் பூங்கன்றுகளை அடுக்கி வைத்து விற்பவர்களைக் காணலாம். அந்த அடுக்குகளில் பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது, முக்கோணமான பச்சைத் தண்டொன்றின் உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ உருண்டையாக அமர்ந்திருக்கும் சிறு கள்ளியாகும். ஆசையுடன் வாங்கிச் செல்கின்றோம். இரண்டு மூன்று மாதங்களில் அது அடியிலிருந்து கறுத்து, கூழாகிச் சரிந்துவிடுகின்றது. வாங்கியவர் தமக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுவார். ஆனால் வீட்டு முற்றத்தில் இருபது முப்பது சாடிகளை வைத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் கொப்பிக்கும் பஸ் கட்டணத்துக்கும் வழி தேடும் ஒரு தாய்க்கு, ஓர் ஐப்பசி மழையில் பாதிச் சாடிகள் அழுகுவதென்பது போட்ட முதலையே இழப்பதாகும். இது கைராசியைப் பற்றிய விடயமன்று. அந்தச் செடி எது என்பதை அறிந்துகொண்டால் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

முதலில் ஒன்றை மனதிற் கொள்ள வேண்டும். நாம் வாங்குவது ஒரு செடியல்ல, இரண்டு செடிகள். மேலே இருக்கும் நிற உருண்டை ஜிம்னோகலிசியம் மிகனோவிச்சி என்ற கள்ளியின் ஒரு பிறழ்வு வகை. அதன் தாய் இனம் தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டுப் புதர்க்காடுகளுக்குரியது. 1941இல் ஜப்பானில் வத்தனாபே என்ற வளர்ப்பாளர், தாம் விதையிட்டு முளைக்க வைத்த நாற்றுகளின் நடுவே பச்சை நிறமே இல்லாத சில சிவப்பு நாற்றுகளைக் கண்டார். பச்சையம் இல்லாத செடியால் சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்க முடியாது. விதையிலுள்ள சேமிப்பு முடிந்ததும் அது மடிந்துவிடும். அவற்றை வேறொரு பச்சைக் கள்ளியின் தலையில் ஒட்டியதனாலேயே அவை பிழைத்தன. இன்று தென் கொரியா இவற்றைப் பெருமளவில் உற்பத்தி செய்து பல நாடுகளுக்கும் அனுப்புகின்றது. ஆகவே அந்தச் சிவப்பு உருண்டை வாழ்நாள் முழுவதும் பிறர் சமைத்ததை உண்டு வாழும் விருந்தாளி எனலாம். சமைப்பது கீழே இருக்கும் பச்சைத் தண்டு.

அந்தத் தண்டு யார்? பெரும்பாலும் அது நாம் நன்கறிந்த ட்ராகன் பழக் கொடியேயாகும். பாலைவனக் கள்ளி என்று நினைத்து நாம் காய வைக்கும் செடியின் அடிப்பாகம், உண்மையில் மத்திய அமெரிக்கப் பகுதியின் வெப்பக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடி. அதற்கு அரை நிழல் பிடிக்கும். உக்கிய இலைச் சேறு பிடிக்கும். மற்றக் கள்ளிகளைவிடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீரும் வேண்டும். கடுங்குளிரை மட்டும் அது தாங்காது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே இரவுகள் தொடர்ந்தால் தண்டு மஞ்சளாகி அழுகத் தொடங்கும். ஒட்டு றம்புட்டானில் வேரும் நிலமும் பற்றிய விடயங்களை ஒட்டுக்கட்டையும், பழத்தின் சுவையை ஒட்டுக்கிளையும் தீர்மானிப்பது போலவே இங்கும் நடக்கின்றது. எனவே இந்தச் செடி எந்த ஊரில் பிழைக்கும் என்று கேட்பவர் மேலேயுள்ள நிறத்தைப் பார்க்காமல் கீழேயுள்ள தண்டைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. எமது வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியில் இதனை ஒட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. உடைத்தால் பால் வடியும் சதுரக்கள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரில் மட்டுமே கள்ளி. உறவில்லாத இரண்டின் கலன்கள் இணைவதில்லை. உண்மையான கள்ளிகள் ஏறத்தாழ அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. அதற்குப் புறம்பாக இயற்கையாக வளரும் ஒரேயொரு இனம், சிங்களத்தில் நவஹந்தி எனப்படும், மரங்களிலிருந்து நூல்நூலாகத் தொங்கும் செடியாகும். அது இலங்கைக் காடுகளிலும் உண்டு. அதனைக் கள்ளி என்று எவரும் சந்தேகிப்பதுகூட இல்லை!

இனி எமது ஊருக்கு வருவோம். கெலிஓயாவில் இரவுக் குளிர் 15 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே குளிர் எமக்குப் பகையல்ல. வெயிலும் பெரும் பகையல்ல. எமது பகை ஈரம். வைகாசி முதல் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை, ஐப்பசி கார்த்திகையில் பிற்பகல் தோறும் இடியுடன் கொட்டும் மழை, அதன்பின் மார்கழி மழை, இவற்றுக்கிடையே காலைப் பனிமூட்டம் என்று சாடி மண் காய்வதற்கே அவகாசம் கிடைப்பதில்லை. ஒட்டின் இணைப்பிலும் தண்டின் அடியிலும் பங்கசு பிடிக்க இதுவே போதும். பேராதனைத் தாவரவியற் பூங்காவிலும் கள்ளிகளுக்கெனத் தனியான இல்லம் இருப்பதை அங்கு சென்றவர்கள் கவனித்திருப்பார்கள். நமக்குக் கண்ணாடி வீடு தேவையில்லை. நான்கு கம்புகளின் மேல் தெளிந்த பொலித்தீன் விரித்து, பக்கங்களைத் திறந்து விட்டால் போதுமானது. பக்கங்களையும் மூடினால் உள்ளே ஆவி பிடித்தது போலாகிவிடும். அது மழையைவிடக் கேடு. காலை வெயில் படும் கிழக்குப் பக்கமே நல்லது. மதிய வெயில் நேரே பட்டால் பச்சையமற்ற உருண்டையில் வெந்த தழும்பு விழும், அது மாறாது.

மண்ணைப் பொறுத்தவரை, தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே நிரப்புவது சாவுக்கு வழி. உடைத்துச் சலித்த செங்கல் துண்டுகள், உமிக்கரி, நன்கு உக்கிய இலைப்பசளை என்பவற்றைச் சம அளவாகக் கலந்தால் தண்ணீர் நில்லாமல் வடியும். ஆற்று மணலைத் தேடிப் போகாமல் இருப்பது நல்லது. மகாவலிக் கரைகள் ஏற்கனவே போதிய அளவு இழந்துவிட்டன. தும்புச்சோற்றை நாம் சிபாரிசு செய்வதில்லை, அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். சாடி சிறியதாக, அடியில் துளையுள்ளதாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு இல்லை. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மண்ணில் மட்டும் ஊற்ற வேண்டும். உருண்டையின் தலையில் ஊற்றவே கூடாது. தை, மாசி மாதங்களில் வாரம் ஒருமுறையும், அடை மழைக் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் போதுமென்பது பெரும்பாலும் சரியாக அமையும். பச்சைத் தண்டில் புதுக் கிளை வெடித்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் தண்டு தன் சொந்தப் பிள்ளையை வளர்த்து, விருந்தாளியைப் பட்டினி போடும்.

இதே சாடியை நுவரெலியாவிலுள்ள உறவினருக்குக் கொடுத்தால் கதை வேறு. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரில் தை, மாசி இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. அங்கு செடியை இரவில் வீட்டினுள் வைத்து, அம்மாதங்களில் தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். அங்கேயே விற்பதற்கென வளர்ப்பவர்கள் ட்ராகன் தண்டை விட்டு, குளிரைத் தாங்கும் டிரைக்கோசீரியஸ் போன்ற தூண்கள்ளியில் ஒட்டுவதே புத்தி.

யாழ்ப்பாணத்தில் சிக்கல் இரண்டு. சித்திரை முதல் ஆவணி வரை வெயிலும் வரண்ட காற்றும் சேர்ந்து உருண்டையைச் சுருங்க வைக்கும். ஆகவே பாதி ஒளியை மறைக்கும் வலையோ கிடுகுப் பந்தலோ வேண்டும். மற்றையது கிணற்று நீர். சுண்ணக்கல் நிலத்து நீர் நாளடைவில் சாடி மண்ணில் வெள்ளையாகப் படிந்து வேரின் வேலையைக் கெடுக்கும். ஐப்பசி மழையில் பீப்பாவில் பிடித்து வைக்கும் நீர் இதற்குப் பொன் போன்றது. மத்திய கிழக்கில் வேலை செய்வோரின் அறைகளில் குளிரூட்டியின் காற்று நேரே படாத சன்னல் ஓரம் உகந்தது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ மாரி காலத்தில் ஒளி குறைவு என்பதால் வீட்டினுள் 10 பாகைக்கு மேல் வைத்து, மிகக் குறைவாகவே நனைக்க வேண்டும். ஆனால் பயணப் பெட்டிக்குள் சாடியை மறைத்து அனுப்பாதீர்கள். தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாத செடி விமான நிலையத்தில் பறிமுதலாகும்.

விலை கூடிய அபூர்வ இனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட்சத்திரம் போன்ற அஸ்ட்ரோபைற்றம் அஸ்டீரியஸ், கல்லைப் போலிருக்கும் அரியோகார்பஸ் ஆகியன தம் சொந்த வேரில் ஆமை வேகத்தில் வளர்பவை. நாற்றிலேயே ஒட்டினால் பல வருட வளர்ச்சியைச் சில வருடங்களில் பெறலாம். மெக்சிக்கோவின் காடுகளிலிருந்து திருடப்படுவதற்குப் பதிலாகத் தவறணைகளில் பெருக இது வழி செய்கின்றது. இவ்விரண்டும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் உள்ளவை; இலங்கை 1979 முதல் அதில் அங்கம் வகிக்கின்றது. எனவே எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத முதிர்ந்த செடியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சிவப்பு உருண்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ட்ராகன் தண்டில் ஒட்டிய பச்சையமற்ற நிற வகைகளுக்கு அந்த உடன்படிக்கையே விலக்கு அளித்துள்ளது.

நன்றாகப் பராமரித்தாலும் சிவப்பு உருண்டை ஒரே தண்டில் பெரும்பாலும் சில வருடங்களே வாழும். இதனை விற்பவர் வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. மறுபடி ஒட்டித் தருவோம் என்று சொல்லி விற்றால் அவர் மீண்டும் நம்மிடமே வருவார். மறு ஒட்டு கடினமல்ல. தண்டின் அடி மென்மையாகி நிறம் மாறியதும், உருண்டையை ஸ்பிரிட்டில் துடைத்த புது பிளேட்டினால் வெட்டி எடுங்கள். வெட்டு முகத்தில் செம்மஞ்சள் புள்ளி தெரிந்தால், அது மறையும் வரை மெல்லிய சீவல்களாகச் சீவுங்கள். புதிய தண்டின் உச்சியையும் வெட்டி, மூன்று விளிம்புகளையும் சாய்வாகச் செதுக்கி, இரண்டின் நடுவிலும் தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி உடனே பொருத்தி, சாடியோடு சேர்த்து இறப்பர் வளையம் போட்டுவிடுங்கள். பத்து நாள் நிழலில், மழை படாமல் இருக்கட்டும். கெலிஓயாவில் இவ்வேலைக்கு ஏற்றது தை நடுப்பகுதி முதல் பங்குனி வரையான காய்ந்த காலமாகும். அதற்கான ட்ராகன் தண்டுகளை ஓரடித் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் ஒரு வாரம் காய்ந்தபின், கார்த்திகையிலேயே கூரையின் கீழ் நட்டு வேர் பிடிக்க விடுங்கள்.