இணங்காத இணை

அய்யம்பட்டி வாடிவாசலிலிருந்து காளை வெளிப்பட்டதும் அதை எதிர்நோக்கி நிற்கும் இளைஞனுக்கு வாய்ப்பது ஓரிரு நொடிகளே. தென்னைநார்க் கழிவு பரப்பிய தரையில் காலூன்றி, கொம்பு சுழலும் வட்டத்துக்குள் சிக்காமல் பக்கவாட்டில் நுழைந்து, திமிலை இரு கைகளாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். வாலைப் பிடித்தாலோ கொம்பைப் பிடித்தாலோ அந்தப் பிடி செல்லாது. காளையின் மூன்று துள்ளலைத் தாங்கினாலோ, குறித்த தொலைவு திமிலை விடாமல் உடன் சென்றாலோ வெற்றி அவனுடையது. தவறினால் ‘மாடு வெற்றி’ என்று ஒலிபெருக்கி முழங்கும். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் அய்யம்பட்டியும் பல்லவராயன்பட்டியும் சல்லிக்கட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மேய்ந்து வளரும் மலைமாடு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. இந்த ஆட்டத்தில் வீரத்தைத்தான் அனைவரும் காண்கின்றனர். அதனுள் பொதிந்திருக்கும் இயற்பியல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கிடுவோம். 65 கிலோ எடையுள்ள ஒருவன் அசையாது நிற்கிறான். காளை நொடிக்கு 6 மீட்டர் விரைவில் அவனைக் கடக்கிறது. நின்ற நிலையில் அவன் திமிலைப் பற்றினால், அவனுடல் 6 மீட்டர் விரைவை எட்டியாக வேண்டும். அதற்குத் தேவையான உந்தம் 390 நியூட்டன்-நொடி. பற்றிய கைகளின் வழியே 0.2 நொடிக்குள் உடல் அதைப் பெற வேண்டுமெனில் தோள்மூட்டு தாங்கவேண்டிய விசை 1,950 நியூட்டன். அவனது உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பிடி நழுவும், அல்லது தோள் இறங்கும். அவனே காளை செல்லும் திசையில் நொடிக்கு 4 மீட்டர் விரைவில் ஓடிக்கொண்டே பற்றினால் வேறுபாடு 2 மீட்டர்தான். விசை 650 நியூட்டனாகக் குறைகிறது. ஒரு மரக்கிளையில் தொங்கும்போது கைகள் தாங்கும் சுமை அவ்வளவே. பற்றும் முன் ஓடவேண்டும் என்பதை மாடுபிடி வீரர் எவரும் கணக்குப் போட்டு அறிந்ததில்லை. நின்று பற்றித் தூக்கியெறியப்பட்டே அறிந்துகொண்டனர்.

திமிலை ஒட்டி நிற்பதிலும் ஒரு வடிவியல் உண்டு. காளை கழுத்தைத் திருப்பும்போது கொம்பின் நுனி பெரிய வட்டத்தில் வீசுகிறது. கழுத்தின் அடிப்பகுதியோ சிறிதே அசைகிறது. ஆகவே அஞ்சி ஓரடி விலகி நிற்பவனைவிட, நெஞ்சைக் காளையின் தோளோடு ஒட்டிக்கொண்டவனுக்கே இடர் குறைவு. திமில் முன்கால்களுக்கு மேலே அமைந்த தசைத்திரள். காளை துள்ளும்போது முதலில் எழுவதும் அந்தப் பகுதியே. அங்கே பற்றியவன் துள்ளலின் தொடக்கத்தைத் தன் முன்கையிலேயே உணர்ந்துவிடுகிறான்.

எதிராளியின் விசையோடு மோதாமல் அதன் போக்கில் சேர்வது, வீச்சின் உள்வட்டத்துக்குள் நுழைவது, தொடுகையின் வழியே அடுத்த அசைவை உணர்வது ஆகிய இவை ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையின் நூல்களில் பக்கம் பக்கமாக விளக்கப்படுபவை. அக்கலையை வகுத்தவர் மொரிஹெய் உவெஷிபா (1883–1969). தாக்குபவரின் சமநிலையைக் குலைத்து, மணிக்கட்டையோ முழங்கையையோ திருகி வீழ்த்துவதே அதன் பெரும்பகுதி. கொள்கை ஒன்றாயினும் கற்பிக்கும் முறை நேர்மாறானது. ஐகிடோக் கூடத்தில் ஒருவர் முன்னரே சொல்லப்பட்ட வகையில் தாக்குவார். மற்றவர் முன்னரே சொல்லப்பட்ட உத்தியால் அவரை வீழ்த்துவார். தாக்கி வீழ்பவரை ‘உக்கே’ என்பர். உக்கே எதிர்ப்பதில்லை. மணிக்கட்டு முறியாமலிருக்கத் திருகும் திசையிலேயே தாவி, உருண்டு, எழுகிறார். பார்வைக்கு மிக அழகிய காட்சி. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, விசை வந்து சேரும் முன்பே உக்கேயின் உடல் விழத் தொடங்கிவிடுகிறது. வீழ்த்தியது உத்தியா, உக்கேயின் நல்லெண்ணமா என்பதைப் பிரித்தறிய அங்கே வழியில்லை.

இங்கே உடலியல் ஒரு கடுமையான தீர்ப்பை வழங்குகிறது. ஒரு தசை திடீரென இழுக்கப்படும்போது அதிலுள்ள தசைக்கதிர்கள் நரம்பு வழியே செய்தி அனுப்புகின்றன. கையைப் பொறுத்தவரை முதல் மறுமொழி ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிநொடிக்குள் எழுகிறது. அது தண்டுவடத்திலேயே முடிந்துவிடும் மறிவினை. எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. அடுத்தது 50 முதல் 100 மில்லிநொடிக்குள் எழும் நீள்மறிவினை. மூளையும் பங்கேற்கும் இம்மறுமொழி, நாம் விரும்பிச் செய்யும் அசைவுக்கு முந்தியது; ஆயினும் நம் நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. 1956ஆம் ஆண்டு ஹாம்மண்ட் என்னும் ஆய்வாளர் இதைக் காட்டினார். கையை இழுக்கும் முன் சிலவேளை ‘எதிர்த்து நில்’ என்றும், சிலவேளை ‘விட்டுவிடு’ என்றும் சொல்லிவைத்தார். முதல் மறிவினை இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. இரண்டாவதோ, எதிர்க்கச் சொன்னபோது ஓங்கியும் விடச்சொன்னபோது ஒடுங்கியும் காணப்பட்டது.

இதன் பொருளை ஐகிடோக் கூடத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பு உண்டாகும். விழுவதென்று முன்பே முடிவுசெய்துவிட்ட உக்கேயின் கையும், விழமாட்டேன் என்றிருப்பவனின் கையும் நரம்பியல் நோக்கில் இருவேறு கைகள். அவற்றின் விறைப்பு வேறு, திருப்பும்போது கிடைக்கும் எதிர்விசை வேறு, அந்த எதிர்விசை எழும் நேரமும் வேறு. பத்தாண்டுகள் முதல் வகைக் கையை மட்டுமே தொட்டுப் பழகியவர் இரண்டாம் வகைக் கையைத் தொட்டதே இல்லை. பயிற்சியின் அளவை மிகுத்து இக்குறையை ஈடுகட்ட இயலாது.

சிறுமூளையின் வேலையும் இதையே வலியுறுத்துகிறது. ஒவ்வோர் அசைவுக்கு முன்னும் அதன் விளைவு எவ்வாறிருக்கும் என மூளை முன்கணிக்கிறது; விளைந்ததை அக்கணிப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் பிழைச் செய்தியாகக் கொண்டு அடுத்த அசைவைத் திருத்துகிறது. பிழை தென்படாவிட்டால் திருத்தமும் இல்லை. இணங்கி விழும் உக்கே, தவறாகச் செய்த உத்திக்கும் சரியாகச் செய்ததற்கும் ஒரே விடையைத் தருகிறார். சோம்பலான கால்வைப்பும் தாமதமான நுழைவும் ‘சரி’ என்ற முத்திரையோடு நரம்பில் பதிந்துவிடுகின்றன. சினம் கொண்டு கைநீட்டும் மாணவனைவிட இப்படிக் கனிவாக விழுந்துகொடுப்பவரே கற்பவருக்கு மிகுந்த கேடு செய்கிறார் என்பது என் கருத்து. சொன்னால் பலருக்குக் கசக்கும்.

உருசிய அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவில் உளியடிக்கும் தொழிலாளரின் அசைவைத் தொடர்படங்களாகப் பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் கோணங்களோ அடிக்கு அடி மாறின. ஒரு மூட்டின் பிறழ்வை மற்றொரு மூட்டு ஈடுசெய்தது. ஆக, திறமை என்பது ஒரே அசைவை அச்சடித்தாற்போல் மீண்டும் மீண்டும் செய்வதில் இல்லை. மாறும் சூழலிலும் விளைவை மாறாமல் காப்பதில் இருக்கிறது. சூழல் மாறாத இடத்தில் இந்த ஈடுசெய்யும் ஆற்றல் வளர்வதற்குத் தேவையே எழுவதில்லை.

இதை ஜப்பானியரே முன்னர் உணர்ந்திருந்தனர். 1882இல் கொடோகான் கூடத்தை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ (1860–1938) பயிற்சியை இருகூறாக்கினார். ஒன்று, ‘கத்தா’ என்னும் வகுத்துவைத்த அசைவு வரிசை. மற்றொன்று, ‘ரந்தோரி’ என்னும் கட்டற்ற பிடியாட்டம். ரந்தோரியில் எதிராளி உண்மையாகவே எதிர்ப்பார். உயிருக்கும் மூட்டுக்கும் ஊறு விளைக்கும் உத்திகளைக் கானோ ரந்தோரியிலிருந்து விலக்கிக் கத்தாவில் காத்துவைத்தார். அந்த வழியிலேயே இன்றும் ஜூடோப் போட்டியில் முழங்கைப் பூட்டைத் தவிர வேறு மூட்டுப் பூட்டுக்கு இடமில்லை. கானோவிடமும் உவெஷிபாவிடமும் பயின்ற கென்ஜி தொமிகி (1900–1979) இதே பிரிவினையை ஐகிடோவுக்கும் கொண்டுவந்தார். வாசெதா பல்கலைக்கழகத்தில் 1958இல் அவர் தொடங்கிய ஐகிடோக் குழுவில் ஒருவர் மென்மையான போலிக் கத்தியுடன் உண்மையாகவே குத்த முயல்வார். மற்றவர் வெறுங்கையால் எதிர்கொள்வார். உவெஷிபாவுக்குப் போட்டி உடன்பாடில்லை. கலையின் நோக்கம் வெற்றிதோல்வியைக் கடந்தது என அவர் கருதினார். அந்தக் கருத்தை மதிக்கலாம். ஆயினும் போட்டியும் எதிர்ப்பும் ஒன்றெனக் கொண்டு, போட்டியோடு சேர்த்து எதிர்ப்பையும் வெளியேற்றிய கூடங்கள் பல.

தேனிப் பக்கத்துச் சிலம்பக் கூடத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் தீர்ந்திருக்கிறது. புருவ உயரக் கம்பை எடுத்தவுடன் எவரும் சண்டைக்கு விடப்படுவதில்லை. முதலில் காலடி, பின்னர் வீச்சு, பின்னர் வரிசைகள். வரிசை என்பது முழுக்க முழுக்க எதிராளியில்லாப் பயிற்சி. முன்னரே வகுத்த அசைவு என்ற அளவில் கத்தாவுக்கு இணையானது. அது போதுமென்று எந்த வாத்தியாரும் நிறுத்திக்கொள்வதில்லை. எதிரெதிரே நிறுத்தித் தொடுமுறையில் விடுகிறார். கம்பின் நுனி எதிராளியின் உடலைத் தொட்டால் ஒரு புள்ளி. வரிசையில் கம்பு சுழலும் அழகில் ஊரையே மயக்கிய சிறுவன், தொடுமுறையின் முதல் நாளில் காலடியையே மறந்து பின்வாங்குவதைப் பார்க்கலாம். அவன் மறக்கவில்லை, காலடியை எப்போது எடுத்துவைப்பது என்னும் பாடம் அவனுக்கு இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். கண்ணில் பட்டதற்கு ஏற்பக் கையசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். கம்பின் நுனி அதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஆகவே கம்பைக் கண்டபின் தடுப்பவன் எப்போதும் பிந்தியவனே. தோளின் சாய்வையும் இடுப்பின் திருப்பத்தையும் வைத்து வீச்சை முன்னுணர வேண்டும். அந்தக் குறிப்புகளை உண்மையாக அடிக்க வரும் உடல் மட்டுமே வெளியிடுகிறது. அடிப்பதுபோல் நடிக்கும் உடல் அவற்றை வெளியிடுவதில்லை.

கபடியோ இன்னும் ஒருபடி மேல். அதில் இணங்கும் இணை என்னும் கருத்துருவே கிடையாது. 30 நொடி ஏறிப்பாடுபவனை எழுவர் வரை மடக்கப் பார்க்கின்றனர். கணுக்காலைப் பிடித்துத் தூக்கும் உத்தியை ஐகிடோக்காரர் எவரேனும் நேர்த்தியாகச் செய்துகாட்டட்டும். பின்னர் அதையே ஒரு கபடிப் பையனிடம் செய்து பார்க்கட்டும்.

எதிர்ப்பு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் பயன் தருவனவும் அல்ல. பாண்டிநாட்டுச் சிற்றூர்களில் கோயில் முன்னும் ஊர்ப் பொதுவிடத்திலும் இளவட்டக்கல் கிடந்ததுண்டு. உருண்டையான அந்தப் பாறையைத் தோளுக்கு ஏற்றுபவனே பெண் கேட்கத் தகுதியுள்ளவன் என்பது பழவழக்கு. கல்லும் எதிர்க்கிறது, தன் எடையால், எப்போதும் ஒரே திசையில். அதனால் தசை வலுப்படும், எலும்பு திண்மை பெறும். ஆனால் கல் நோக்கமற்றது. ஏமாற்றுவதில்லை, திசை மாறுவதில்லை. சில கூடங்களில் உக்கே இந்தக் கல்லாகவே மாறிவிடுகிறார். இப்போது வரப்போவது மணிக்கட்டுத் திருகல் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆகவே அந்த ஒன்றுக்கு எதிராக மட்டும் கையை இறுக்கிக்கொண்டு ‘செய் பார்க்கலாம்’ என்று நிற்கிறார். வாழ்வில் எவரும் அப்படித் தாக்குவதில்லை. இந்த விறைப்பு ஓர் ஓட்டையையும் திறந்துவிடுகிறது: ஒரு திசையில் முழு வலிமையையும் செலுத்தியவன் மற்றத் திசைகளில் காவலின்றி நிற்கிறான். அவனது ஈர்ப்பு மையம் தாங்குதளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டிருக்கும். அறிவித்த உத்தியைக் கைவிட்டு எதிர்ப்புறம் இழுத்தால் குழந்தைகூட அவனைச் சாய்க்கும். அறிவித்த உத்தியைக் கைவிடக்கூடாது என்னும் கூடத்து விதிதான் அவனைத் தாங்கி நிற்கிறது.

பயன்தரும் எதிர்ப்புக்கு நோக்கம் உண்டு. காளை எதிர்ப்பது மனிதனைத் தோற்கடிக்க அன்று, வெளியேறுவதற்காக. அந்த நோக்கமே அதன் விசைக்குத் திசையையும் உயிரையும் தருகிறது. அதுபோல உக்கேவுக்கும் ஒரு சிறு நோக்கத்தைத் தரவேண்டும்: இந்தக் கோட்டைக் கடந்துபோ, இந்தக் கையை விடுவித்துக்கொள், இந்த மென்கத்தியால் நெஞ்சைத் தொடு. நோக்கம் தெளிவாயின் அவருடைய உடல் தானே சரியான எதிர்விசையை எழுப்பும், நடிக்க நேரமிராது.

மூட்டுகளின் பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது. மணிக்கட்டு எட்டுச் சிற்றெலும்புகள் நார்களால் பிணைந்த நுண்ணமைப்பு. முழு விரைவில் திருகினால் வலி உணரும் முன்பே நார் கிழியும். ஆகவே கற்கத் தொடங்குபவர்க்கு முதல் மாதங்களில் இணக்கமே வேண்டும். விழக் கற்காதவனிடம் எதிர்ப்பைக் கேட்பது கொடுமை. அதன்பின் விரைவைக் குறைத்து எதிர்ப்பைக் கூட்டலாம். அல்லது திருகலை நீக்கிச் சமநிலைக் குலைப்போடு நிறுத்தலாம்.

எதிர்ப்பே இல்லாமல் போனால் கலை என்னவாகும் என்பதற்குச் சல்லிக்கட்டையே பார்க்கலாம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது முதல் 2017 தொடக்கத்தில் சட்டத்திருத்தம் வரும்வரை சல்லிக்கட்டு முறைப்படி நடைபெறவில்லை. அந்த இடைவெளி நாற்பது ஆண்டாக நீண்டிருந்தால் திமில் அணைப்பைப் பற்றிய எத்தனை நூலும் படமும் இருந்தாலும் அந்த அறிவு மீண்டிருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம். நமக்குத் தெரிந்தது இதுதான்: காளையும் கற்கிறது. வளர்ப்போர் அதற்கு நீச்சல் பழக்குகின்றனர். மண்மேட்டைக் குத்தப் பழக்குகின்றனர். பல வாடிகளைக் கண்ட காளை வெளியேறும் அவசரத்தையே விட்டுவிட்டு, நின்று விளையாடுகிறது. சுற்றிச் சுற்றித் திரும்பி எவரையும் பக்கவாட்டில் நெருங்கவிடுவதில்லை. ஓடும் காளைக்கென்று முன்னே சொன்ன கணக்கு அங்கே உதவாது. நிற்கும் காளைக்கு வேறொரு நுழைவைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாரம் இருமுறை ஐகிடோ கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பின் கடைசிக் கால்மணியை நோக்கமுள்ள எதிர்ப்புக்கு ஒதுக்கலாம். தரையில் இரண்டு கோடு. உக்கே ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்குப் போகவேண்டும். எப்படித் தாக்குவார், எந்தக் கையை நீட்டுவார் என்பது அவர் விருப்பம். தடுப்பவர் எந்த உத்தியையும் எடுக்கலாம், பாதியில் மாற்றலாம். மூட்டைத் திருக மட்டும் தடை. முதல் வாரங்களில் பெரும்பாலும் உக்கேதான் கோட்டைக் கடப்பார். ஆசிரியரே தடுக்க நின்றாலும் சிலவேளை கடப்பார். அதை மாணவர்கள் பார்க்க விடவேண்டும்.