கட்டை அவிழ்க்குமுன் சில கேள்விகள்

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990-இல் தொடங்கப்பெற்ற ஆதிவாசி மருத்துவமனையில், பழங்குடிப் பெண்கள் பலர் பயிற்சி பெற்றுச் செவிலியராகப் பணிபுரிகின்றனர். தம் மொழியிலேயே கேட்பவரிடம் நோயாளியின் தயக்கம் குறையும். சீழ் பிடித்த புண்ணுக்கோ இது பெரிதும் வேண்டும். தேயிலைக் கவாத்துக் கத்தி பட்டதா, அட்டைக் கடியைச் சொறிந்ததா? எத்தனை நாளாயிற்று? காய்ச்சல் உண்டா? நீரிழிவு? தனுர்வாத ஊசி கடைசியாக எப்போது? ஒவ்வாத மருந்து ஏதேனும்?

சகோதரிகளே, இவற்றுக்கெல்லாம் விடை சொல்லிவிடுவோம். நாம் மறைப்பது, புண்ணின்மேல் அப்பிய காப்பித்தூளையும் சுண்ணாம்பையும்தான். ஏச்சு விழுமே என்ற அச்சம்! பாதியில் நிறுத்திய மாத்திரையையும் வாய் திறந்து சொல்வதில்லை. தயங்காமல் கூறுங்கள், புண் ஆறாததன் காரணம் அதிலேயே இருக்கலாம். நீண்டநாள் நீரிழிவால் கால் மரத்தவருக்கு வலியே தெரியாது. ஆதலால், "வலிக்கவில்லை" என்னும் விடையை மட்டும் நம்பி நல்ல செவிலியர் அமைதி கொள்வதில்லை.