கோவையின் பெண் எம்.பி. பார்வதி கிருஷ்ணன்



மாநிலங்களவை, மக்களவை, இடைத்தேர்தல். குடிமையியல் பாடத்துல இந்த மூணும் குழப்பும். இந்த மூணு வழியிலயும் பாராளுமன்றம் போனவர் ஒருத்தர் நம்ம கோவையில இருந்தார். அவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா பாடமும் மனசுல நிக்கும்.

பார்வதி கிருஷ்ணன் பிறந்தது 1919-ல். குடும்பம், திருச்செங்கோடு பக்கத்துல இருக்கிற குமாரமங்கலம் ஜமீன். அப்பா டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். அம்மா ராதாபாய், 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் கலந்துகொண்டவர். ஒரு அண்ணன் பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதி! இவர் படித்தது ஆக்ஸ்போர்டில். சொகுசா இருந்திருக்கலாம். ஆனால் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கோவை மில் தொழிலாளர்களுக்காகச் சங்க வேலை செய்தார்.

அப்போ சங்கம்னா விளையாட்டில்லை. 1946 ஜனவரி 8 அன்று, மில் தகராறில் நடந்த ஒரு கொலை வழக்கில் சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் 4 பேர் கோவை ஜெயிலில் தூக்கிலிடப்பட்டார்கள்.

1954 – மாநிலங்களவை: இதுக்கு நாம ஓட்டுப் போட முடியாது. எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித்தான் முதலில் டெல்லி போனார்.

1957 – மக்களவை: கோவை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவர் இருந்த அந்தச் சபையின் காலத்தில்தான், 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டமும் மகப்பேறு சலுகைச் சட்டமும் வந்தன. மில்லிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 12 வார லீவு! 2017-ல் இது 26 வாரமானது.

1962 தேர்தலில் தோற்றார். 12 வருஷம் பாராளுமன்றத்தில் இல்லை.

1974 – இடைத்தேர்தல்: 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி போன விமானம் பாலம் அருகே விழுந்தது. கோவை எம்.பி. கே. பாலதண்டாயுதம் இறந்துபோனார். அதே விமானத்தில் இறந்த இன்னொருவர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். பார்வதியின் சொந்த அண்ணன்! எம்.பி. இறந்து இடம் காலியானால் அந்தத் தொகுதிக்கு மட்டும் நடப்பதுதான் இடைத்தேர்தல். அண்ணனைப் பறிகொடுத்த அதே விபத்தால் காலியான இடத்துக்கு நின்று ஜெயித்தார். 1977-லும் ஜெயித்தார்.

எங்க அப்புச்சி மில்லில் வேலை பார்த்தவர். 1977-ல்தான் முதல் ஓட்டு. அப்போ ஓட்டுப் போட 21 வயசு ஆகணும். "ஜமீன் வீட்டு அம்மாவுக்கு ஏனுங்க அப்புச்சி ஓட்டுப் போட்டீங்க?"ன்னு கேட்டேன். "வீட்டப் பாத்தா ஓட்டுப் போடறது கண்ணு? யாரு பக்கம் நிக்கறாங்கன்னு பாத்துத்தான் போடோணும்" என்றார். குடிமையியல் புத்தகத்தில் இல்லாத பாடம் இது!

பார்வதி கிருஷ்ணன் 2014 பிப்ரவரி 20 அன்று கோவையில் காலமானார். கோவைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன ஒரே பெண் அவர்தான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. தோழிகளே, இரண்டாவது பெயர் உங்களில் ஒருத்தருடையதா இருக்கட்டுமே!