காற்றுத் தூசியிலுள்ள நச்சு உலோகங்களை ஒளியால் அறிதல்

நிலத்தின் குறையையும் கிணற்று நீரின் உவர்ப்பையும் விவசாயி கண்ணாலும் நாவாலும் ஒருவாறு கண்டுகொள்ளுகிறார். ஆனால் காற்றிற் பறந்து வரும் தூசியில் ஈயமோ காட்மியமோ கலந்திருப்பின் அதனை அங்ஙனம் அறிய வழியில்லை.

இதன் அபாயத்தை நைஜீரியா தேசத்து ஸம்பாரா மாகாணத்தில் 2010-ம் வருஷத்தில் வெளிப்பட்ட துயரம் நன்கு விளக்கும். அங்குள்ள கிராமத்தார் பொன் எடுக்கும் பொருட்டு, ஈயம் மிகுந்த கல்லைத் தானியம் அரைக்கும் இயந்திரங்களிலிட்டு வீடுகளுக்கருகே பொடி செய்தனர். எழுந்த தூசி முற்றமெங்கும் படிந்தது. குழந்தைகள் இறக்கத் தொடங்கிய பின்னரே காரணம் தெரியவந்தது; 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். நம் நாட்டிலும் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடங்கள் உள்ளன.

பரீட்சை முறை

இந்தியாவில் 2009-ம் வருஷத்தில் வகுத்த விதிப்படி, 24 மணி நேரச் சராசரியில் 1 கன மீட்டர் காற்றில் ஈயம் 1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. நிமிஷத்துக்கு 1 கன மீட்டர் வீதம் ஒரு நாள் முழுவதும் காற்றை இழுத்து வடிகட்டினாலும், இவ்வெல்லையளவில் வடிதாளிற் சேரும் ஈயம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராமே. இதனை அளக்கும் விலையுயர்ந்த கருவிகள் பெரிய ஆராய்ச்சிசாலைகளில் மாத்திரம் உள்ளன.

இக்குறையை நீக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருவனவற்றுள் ஒன்று, 2004-ம் வருஷத்தில் தற்செயலாய்க் கண்டறியப்பட்ட கரிப்புள்ளிகள் என்னும் நுண்துகள். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்கும் குறைந்த பருமனுடையது இது. எலுமிச்சையின் புளிப்பாகிய ஸிட்ரிக் அமிலத்திலிருந்தும் பழச்சாற்றிலிருந்தும் இதனைச் செய்யலாம். புற ஊதாக் கதிர் பட்டால் இதன் கரைசல் நீலமாக ஒளிரும். பாதரசம் போன்ற உலோகம் சேர்ந்தால் அவ்வொளி மங்கும். உலோகம் மிகுந்தால் மங்கலும் மிகும். துகளின் மேற்புறத்தில் தக்க பொருள்களை இணைத்து, ஈயம் முதலிய பிற உலோகங்களுக்கும் ஏற்றதாக்குகின்றனர். வடிதாளின் தூசியை அமிலத்திற் கரைத்து, புளிப்பைத் தணித்து, இக்கரைசலுடன் கலக்க வேண்டும். பின்னர் அளவு தெரிந்த கரைசல்களின் ஒளியோடு ஒப்பிட, உலோகத்தின் அளவு புலப்படும்.

கவனிக்க வேண்டியவை

மண் தூசியில், முக்கியமாகச் செம்மண் பிரதேசங்களில், இரும்பு மிகுதி. இரும்பும் ஒளியை மங்கச் செய்வதாகையால், அதனைக் கட்டிவைக்கும் ரசாயனப் பொருளைச் சேர்க்காமற் செய்யும் பரீட்சை ஏமாற்றிவிடும். இம்முறை பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே இருப்பதால், முடிவைப் பழைய கருவிகளால் உறுதி செய்தல் அவசியம்.

விவசாயிகள் உலோகம் உருக்கும் இடங்களுக்கருகே கீரை பயிரிடாதிருத்தல் நலம். காற்றில் வரும் ஈயம் பெரும்பாலும் இலைமேல் தூசியாகப் படிவதால், காய்கறிகளைப் பலமுறை அலச வேண்டும். அலசினாலும் முழுதும் நீங்காது. காட்மியமோ வேர்வழியே நெல்மணியில் ஏறும். புளிப்பு நிலத்தில் அது மிகுதியாதலால், மண் பரீட்சை செய்து தக்க அளவு சுண்ணாம்பு இடுதல் நன்று.

கிராம அதிகாரிகள் புகை எழும் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிப்பார்களாக. எவ்விடத்துக் காற்றைப் பரீட்சிக்க வேண்டுமென்பதை அக்குறிப்பே காட்டும்.