கெட்டிலில் வெள்ளை ஏடு... சுரண்ட வேண்டாம், புளிப்பு போதும்!

‘மின்சார கெட்டில் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே வெள்ளையாக ஏடு கட்டிவிட்டது. தேய்த்தாலும் போகவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?’ போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. தூக்கிப் போட வேண்டாம். சமையலறையில் இருக்கும் புளிப்பே அதைக் கரைத்துவிடும். ஆனால், அந்த ஏடு சொல்லும் சேதியையும் சேர்த்துக் கழுவி ஊற்றிவிடக் கூடாது. அது கெட்டிலின் கோளாறு அல்ல. நம் தண்ணீரின் குணம்.

படிவது என்ன?

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புச் சத்துள்ள பாறைகளைக் கரைக்கிறது. இப்படிக் கரைந்த கால்சியம் பைகார்பனேட் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்கும்போது வாயு வெளியேறி, கால்சியம் கார்பனேட் கெட்டிலின் அடியில் படிகிறது. அதாவது, நாம் பார்ப்பது சுண்ணாம்புக்கல்தான். இந்த ஏடு வெப்பத்தைத் தடுப்பதால், தண்ணீர் கொதிக்க நேரமும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். அடிப்பகுதி அளவுக்கு மீறிச் சூடேறி, கெட்டிலின் ஆயுளும் குறையும்.

சுத்தம் செய்யும் முறை

இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் கெட்டிலுக்கான அளவு இது.

* எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்): அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி. வாடை இருக்காது.
* வெள்ளை வினிகர்: கால் லிட்டர் வினிகர், கால் லிட்டர் தண்ணீர்.
* எலுமிச்சை: இரண்டு, மூன்று பழங்களின் சாற்றை வடிகட்டி அரை லிட்டர் தண்ணீரில் சேர்க்க வேண்டும். மெல்லிய ஏட்டுக்கு இதுவே போதும்.

முதலில் தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிறகு புளிப்பை மெதுவாகச் சேருங்கள். நுரை பொங்கும் என்பதால் கெட்டிலை நிரப்பக் கூடாது. நுரை வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற விட்டு, கீழே ஊற்றிவிட்டு, மெல்லிய துணியால் துடையுங்கள். ஏடு தடிமனாக இருந்தால் இன்னொரு முறை செய்யலாம். மூக்குப் பகுதியில் உள்ள வடிகட்டியைக் கழற்ற முடிந்தால், அதையும் இதே கரைசலில் ஊறப் போடலாம். கடைசியாக, வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செய்யக் கூடாதவை

கம்பி நார், கத்தியால் சுரண்டினால் எவர்சில்வரில் கீறல் விழும். கழிவறை ஆசிட் ஊற்றினால் உலோகம் அரிக்கும். பிளீச்சிங் பவுடரைப் புளிப்போடு சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும். கெட்டிலைத் தண்ணீரில் முக்கக் கூடாது; மின் இணைப்புள்ள அடிப்பாகம் நனையவே கூடாது.

வயலுக்கும் இதே தண்ணீர்தான்!

கெட்டிலில் ஏடு கட்டும் தண்ணீரே சொட்டுநீர்க் குழாயிலும் ஓடுகிறது. வெயிலில் குழாய் சூடாகி, சொட்டுவான் துளையில் நீர் ஆவியாகும்போது அதே சுண்ணாம்பு அங்கேயும் அடைக்கும். சில செடிகள் மட்டும் வாடினால், நோய் என்று மருந்து அடிக்கும் முன் சொட்டுவானைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீரைப் பரிசோதிப்பதே முதல் வேலை. மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கார அமில நிலை, உப்பின் அளவு, பைகார்பனேட் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். குழாய்க்கு ஆசிட் சிகிச்சை தேவையா, எவ்வளவு தேவை என்பதை அந்த முடிவைக் காட்டித்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி - பதில்

சமையல் சோடா போட்டால் ஏடு போகுமா?

போகாது. சோடா காரத்தன்மை உள்ளது. சுண்ணாம்பைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரை நிறைய வரும். ஆனால், ஒன்றை ஒன்று முறித்து இரண்டும் வீணாகும்.

ஏடு படியாவிட்டால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. கொதிக்கும்போது படிவது பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும். சல்பேட், குளோரைடு உப்புகள் கொதித்தாலும் தண்ணீரிலேயே இருக்கும். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

நாள் கணக்கு வேண்டாம். அடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்ததுமே செய்துவிடுங்கள். மெல்லிய ஏடு சீக்கிரம் கரையும். மிச்சத் தண்ணீரைக் கெட்டிலிலேயே விடாமல் கொட்டிவிட்டால் ஏடு கட்டுவதும் குறையும். சேமித்த மழைநீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீட்டில் இந்த வேலை அநேகமாக இருக்காது.