உங்களுக்குத் தெரியுமா? ஆளை எடைபோடுவது கண்ணா, மூளையா?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரம் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். விற்கும் அம்மாவை எடைபோட அவருக்கு அந்த நேரம்கூடத் தேவைப்படாது!

● ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே, 'இவரை நம்பலாமா' என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டோடோரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அந்த முடிவின் மேல் நம்பிக்கைதான் கூடியது.

● ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் அறிவும் ஒழுக்கமும் உள்ளவர் என்று மதிப்பெண் விழுகிறது. ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழே இருப்பவர்களை மதிப்பிட்ட விதத்தை ஆராய்ந்து 1920-இல் இதை எழுதியவர் எட்வர்ட் தார்ன்டைக்.

● 'அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை; வேஷக்காரி!' என்று சொல்ல வைக்கும் ஒரு கோளாறு உண்டு. 1923-இல் இதைப் பதிவு செய்த பிரெஞ்சு மருத்துவர் காப்கிராவின் பெயரே அதற்கு. விபத்தில் தலையில் அடிபட்டு இப்படி ஆன ஓர் இளைஞரை ஆராய்ந்தவர் வி.எஸ்.ராமச்சந்திரன். அதே அம்மா போனில் பேசினால் அவருக்குச் சந்தேகமே வராது! முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சியை எழுப்பும் அமிக்டலாவுக்கும் இடையிலான பாதை அறுந்ததே காரணம் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். அவர் மருத்துவம் படித்தது எங்கே? காசிமேட்டுக்குப் பக்கத்தில், வடசென்னை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஸ்டான்லியில்!

● 'சீனாக்காரங்க எல்லாருக்கும் ஒரே முகம்' என்போம். குறை முகத்தில் இல்லை, நம் பழக்கத்தில். கொரியாவில் பிறந்து, சிறுவயதில் பிரான்சுக்குத் தத்துப் போனவர்கள், வளர்ந்தபின் ஐரோப்பிய முகங்களையே நன்றாக அடையாளம் கண்டார்கள் (2005).

● பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. ஆனால், திரும்பத் திரும்பப் பார்த்தாலே பிடித்துப்போகும் என்று 1968-இல் காட்டினார் ராபர்ட் ஸாயன்ஸ். வாரம் தவறாமல் ஒரே கூடைக்காரம்மாவிடம் போய் நிற்பவர்களுக்கு இது புரியும்.

● சட்டென்று ஞாபகம் வருவதெல்லாம் அடிக்கடி நடப்பதாகவே மூளை கணக்குப் போடும் (ட்வெர்ஸ்கி, கானமன், 1973). வடசென்னை என்றதும் சினிமா அரிவாளே நினைவுக்கு வருபவருக்கு, விடியுமுன் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர் கண்ணில் படமாட்டார்.

● மருந்து? சமமாக நின்று, சேர்ந்து வேலை செய்தால் தப்பெண்ணம் குறையும் என்றார் கார்டன் ஆல்போர்ட் (1954). ஒரு ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்கு வந்து பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மட்டும் வேண்டாம். தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது.