கிராமத்து வரைபடமும் பயணிகள் வருகையும்

இலங்கை உலர் வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இதனைக் காண வருவோர் வழியறியாது வரம்பை மிதித்தால் பயிருக்குச் சேதமுண்டாகும். உணவும் தங்குமிடமும் அறியாது திரும்பினால் கிராமத்துக்கு வருவாய் கிட்டாது. ஆகவே, கிராமத்தவரே வரைபடம் ஆக்கிக்கொள்ளல் நன்று.

முதலில் கமக்காரர் அமைப்பினர் கூடி, குளக்கட்டு, துருசு, வான், வாய்க்கால், ஒழுங்கை என்பவற்றைத் தாளில் வரைதல் வேண்டும். பின்னர் அவ்விடங்களுக்கு நடந்து சென்று, கைத்தொலைபேசியின் செய்மதி இடமறி வசதியால் அவற்றைக் குறித்துக்கொள்ளலாம். 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மாப் என்னும் பொது வரைபடத்தில் இவற்றைக் கட்டணமின்றிப் பதியலாம்.

பயணிகளின் பாதை, உணவளிக்கும் வீடு, மரக்கறி விற்குமிடம் என்பவற்றைத் தெளிவாகக் காட்டுக. தனியார் வீடு, கிணறு என்பவற்றை உரியவரின் இசைவின்றிப் பதிதல் ஆகாது. யானை நடமாடும் வழியில் பயணிகளின் பாதையை அமைக்கலாகாது. விதைப்பு முதல் அறுவடை வரை வரம்பு வழியை மூடி, வேறு வழியை அறிவிப்புப் பலகையில் காட்டுக.

ஒவ்வொரு போக முடிவிலும் வரைபடத்தைத் திருத்துக. கிராமத்தவர் வரையாவிடின், பயணிகள் செல்லும் வழியையும் அதன் வருவாயையும் பிறரே தீர்மானிப்பர்.